நாவுக்கு ஒன்பது

கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் – ஆங்கிலத்தின் முக்கியமான மோடல் துணைவினைகள் இந்த 9 தான். இவற்றின் இலக்கணம் எளிது. எழுவாய் எதுவானாலும் வடிவம் மாறாது. அடுத்து வரும் வினையும் எதுவும் ஒட்டாமல் நிற்கும். 'ஹி கேன் ஸ்விம்' சரி. 'ஹி கேன்ஸ் ஸ்விம்', 'ஹி கேன் டு ஸ்விம்' இரண்டும் பிழை.

பழகவேண்டியது பணிவின் அளவும் உறுதியின் அளவும். உதவி கேட்கும்போது 'கேன் யூ' என்பதைவிட 'குட் யூ' பணிவானது. 'இட் மஸ்ட் பி ட்ரூ' என்றால் ஏறக்குறைய நிச்சயம். 'இட் மைட் பி ட்ரூ' என்றால் வெறும் வாய்ப்பு.

இவற்றை அட்டவணையாக மனப்பாடம் செய்தால் இந்த நயம் கைவராது. இன்றைக்கு ஒரு துணைவினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அன்றாட வேலையை வைத்தே ஐந்து வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளை அடுத்தது.