கேட்கும் செவியும் கேட்க விரும்பும் செவியும்

ஒருவர் தம் வீட்டு இசைப்பெட்டிக்குப் புதிய கம்பி வாங்கி வருகிறார். அம்பிளிபயரையும் ஒலிபெருக்கிகளையும் இணைத்திருந்த சாதாரண இரட்டை வயரைக் கழற்றிவிட்டு, பெருவிரல் பருமனான, பளபளக்கும் உறையிட்ட கேபிளை மாட்டுகிறார். விலை ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. பழகிய பாடல் ஒன்றை ஓடவிட்டு, "என்ன, வித்தியாசம் தெரியுதோ?" என்று மனைவியையும் மகனையும் பார்க்கிறார். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆயினும் மகன், "ஓம் அப்பா, நல்லாத் தெரியுது" என்கிறான்.

அன்பான வாசகரே, இந்த வீட்டில் பாவம் ஏதும் நடந்துவிட்டதா? பணம் அவர் உழைத்த பணம். இசை நல்ல பொழுதுபோக்கு. மதுவைப்போல் குடும்பத்தைக் கெடுப்பதன்று. அவருக்கு இசை முன்னிலும் இனிமையாகவே கேட்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அப்படியாயின் குறை எங்கே?

முதலில் பொருளின் உண்மையைப் பார்ப்போம். மின்னோட்டத்தைக் குறைவின்றிக் கொண்டு சேர்ப்பதே கம்பியின் வேலை. கம்பி நீண்டாலும் மெலிந்தாலும் தடை கூடும், ஒலியும் மாறும். மண்டபத்தின் கடைசி மூலைவரை மெல்லிய கம்பி இழுப்பவர் இதை அறிவார். ஆனால் வீட்டு அறையில் 3 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி போட்டால், போக வர உள்ள தடை முழுவதும் சேர்ந்தும், 8 ஓம் ஒலிபெருக்கியின் தடையில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. வெள்ளியும் செப்பைவிட ஏறத்தாழ 6 வீதமே நன்றாக மின்னைக் கடத்தும். செப்பைச் சற்றுத் தடிப்பாக்கினால் அந்தக் குறை தீர்ந்துவிடும். கடற்காற்றில் களிம்பேறிய முனைகளைத் துடைத்து இறுக்குவதற்கோ செலவே இல்லை.

அப்படியானால் அவர் கேட்ட இனிமை எங்கிருந்து வந்தது? கொடுத்த விலையிலிருந்து வந்தது. பாட்டுத் தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. செவி நமக்குள் இருக்கும் ஒரு நீதிபதி. அந்த நீதிபதிக்கு நாமே கைக்கூலி கொடுத்துவிட்டு, நமக்குச் சாதகமான தீர்ப்பைக் கேட்டு மகிழ்கிறோம்.

புனித அகுஸ்தீன் தமது 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் செவியின் இன்பத்தைப் பற்றித் தம்மையே விசாரணை செய்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் அசைத்தால், அது தம் குற்றமென ஏற்றுக்கொள்கிறார். ஆயினும் ஆலயத்தில் பாடும் வழக்கத்தை அவர் தள்ளிவிடவில்லை. இசையை அவர் வெறுக்கவில்லை. தம் செவி தம்மை ஏமாற்றுகிறதோ என்றே அஞ்சினார்.

இது சிறு விடயம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் விரும்பியதையே கேட்கப் பழகிய செவி, இசைப்பெட்டியோடு நின்றுவிடுவதில்லை. மனைவியின் முறைப்பாட்டையும், அயலவரின் நியாயத்தையும், மனச்சாட்சியின் கண்டிப்பையும் அதே செவிதான் கேட்கவேண்டும். அந்த மகனையும் எண்ணிப் பாருங்கள். அவன் அன்பினால்தான் அப்படிச் சொன்னான். ஆனால் கேளாததைக் கேட்டதாகச் சொன்னால் வீட்டில் சமாதானம் நிலைக்கும் என்பதையும் அன்று கற்றுக்கொண்டான். நாளை அவன் வேறொன்றை மறைக்கும்போது, அந்தப் பாடத்தைப் படிப்பித்தவர் யார்?

ஆகவே, இப்படியொரு கம்பி உங்கள் வீட்டிலும் இருந்தால், ஒரு மாலை கண்ணை மூடி அமருங்கள். மகன் பழையதையும் புதியதையும் சொல்லாமல் மாற்றி மாற்றி மாட்டட்டும். ஒலியின் அளவு மட்டும் ஒன்றாக இருக்கவேண்டும். சற்று உரத்துக் கேட்பதே நல்லதென்று தோன்றுவது இயல்பு. பத்து முறை மாற்றியும் நீங்கள் சரியாகச் சொன்னால், கம்பியை நன்றியோடு வைத்திருங்கள். இல்லையேல் சிரித்துக்கொண்டு, "தம்பி, எனக்கும் தெரியேல்லை" என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை, தன் வீட்டில் உண்மை பேசலாம் என்று அறிந்துகொள்வான்.

சிறுவன் சாமுவேல் இரவில் கேட்ட குரலை ஏலியின் குரலென்று எண்ணி மூன்று முறை ஓடிச் சென்றான். தான் எண்ணியது பிழையென ஒவ்வொரு முறையும் ஏற்றுக்கொண்டு திரும்பிப் படுத்தான். அதனால்தான் நான்காம் முறை அழைத்தவரை அவனால் அறிய முடிந்தது.