வக்கீல் படிப்பு யாருக்கு?

பிரியமான பெற்றோரே,

“பையனுக்கு நல்ல வாய், வக்கீலுக்குப் படிக்கவைக்கலாம்” என்கிறீர்கள். வாய் மட்டும் போதுமா? ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த இராஜாஜி, சேலத்தில் பேர்பெற்ற வக்கீலாயிருந்தார். பின்னர் தேசத்தொண்டுக்காக அந்த வருமானத்தையே விட்டார். தொழில் அவருக்கு எஜமானாகவில்லை.

ஆலைத் தொழிலாளி இலவசச் சட்ட உதவி பெற 1987-ம் வருஷத்துச் சட்டம் உரிமை தருகிறது. எந்திரத்தில் கையிழந்த ஒருவன் அப்படி உன்னிடம் வந்தால், பணக்காரன் வழக்கைப்போலவே அவன் காகிதங்களையும் பொறுமையாய் வாசிப்பாயா? மகனே, மகளே, இதை உன் மனச்சாட்சியிடம் கேள். ‘ஆம்’ என்றால், பிளஸ் டூவுக்குப் பின் ஐந்து வருஷம் உழைக்கத் தயாராகு. கறுப்பு அங்கிக்காக மட்டும் என்றால் வேறு தொழில் தேடு, அதில் அவமானமில்லை.

பெற்றோரே, பதிலைப் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் சொல்லிக்கொடுக்காதேயுங்கள்.