விளையாட்டும் வேடிக்கையும் அலங்காரமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



திருமறையின் 57-வது அத்தியாயம் ஸூரத்துல் ஹதீத். அதன் 20-வது வசனத்தில், இவ்வுலக வாழ்வின் இயல்பை ஐந்து சொற்களில் அல்லாஹு தஆலா அடுக்கிக் காட்டுகிறான். முதலாவது லஇப், அதாவது விளையாட்டு. இரண்டாவது லஹ்வு, வேடிக்கை. மூன்றாவது ஸீனத், அலங்காரம். நான்காவது தஃபாகுர், ஒருவர் முன் ஒருவர் பெருமை பாராட்டுதல். ஐந்தாவது தகாஸுர், பொருளையும் மக்களையும் பெருக்குவதில் போட்டி. அதன்பின் ஒரு மழையையும் ஒரு பயிரையும் உவமையாக்கி, அந்தப் பயிரின் முடிவு என்ன என்பதையும் காட்டுகிறான்.

இந்த ஐந்தும் மனிதனின் பருவங்களைக் குறிப்பதாக விரிவுரையாளர்கள் சிலர் விளக்கியுள்ளனர். பிள்ளைப் பிராயத்தில் விளையாட்டு, வாலிபத்தில் அலங்காரம், பின்னர் பெருமை, முதுமையில் பொருட்பெருக்கம் என்று. ஒரு மனிதன் அறுபது ஆண்டுகளில் கடந்துவந்த இந்த ஐந்து படிகளையும் நம் வீட்டுப் பிள்ளை இன்று அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், கையிலுள்ள ஒரு திரைக்குள்ளேயே ஏறி முடித்து விடுகிறான். சந்தா கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்களையும், அவற்றுக்குள் தனி விலை வைத்து விற்கப்படும் ஆடை அலங்காரங்களையும் பற்றியே இம்மாதம் சிந்திக்கப் போகிறோம்.

விளையாட்டு குற்றமா?

பிள்ளைகள் விளையாடுவதை நம் மார்க்கம் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதை நாம் அறிவோம். அபூதாவூதில் ஓர் அழகிய நிகழ்ச்சி வருகிறது. காற்றில் திரை விலக, அந்தப் பொம்மைகளின் நடுவே ஒரு குதிரையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காண்கிறார்கள். துணித் துண்டுகளால் அதற்கு இரண்டு சிறகுகள்! குதிரைக்குச் சிறகா என்று வியந்து கேட்கிறார்கள். ஸுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்கிறார்கள். அது கேட்டு, கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்குப் பெருமானார் சிரித்தார்கள்.

எண்ணிப் பாருங்கள்! அந்தக் குதிரையின் விலை என்ன? கந்தல் துணி. அது தந்த மகிழ்ச்சியோ பதினான்கு நூற்றாண்டுகள் கழித்தும் நம் முகத்தில் புன்னகையை வரவழைக்கிறது.

அலங்காரத்துக்கு விலை

இனி வேறொரு சிறகுக் குதிரையைப் பாருங்கள். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்பது 2004-ம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட விளையாட்டு. பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதைப் போல் அதற்கும் மாதச் சந்தா உண்டு. சுமார் 15 டாலர். 2010 ஏப்ரலில் அந்தக் கம்பெனி ஒரு குதிரையை விற்பனைக்கு வைத்தது. நட்சத்திரங்கள் மின்னும் உடலும் சிறகுகளும் கொண்ட குதிரை. விலை 25 டாலர், அதாவது ஒன்றரை மாதச் சந்தாவை விட அதிகம். அதை வாங்க இணையத்தில் நின்ற வரிசை, ஒரு நேரத்தில் ஒரு லட்சத்தையும் தாண்டியது.

அந்தக் குதிரையால் என்ன பயன்? விளையாடுபவர் ஏற்கெனவே வைத்திருந்த குதிரைகளை விட அது வேகமாக ஓடாது. போரில் வலிமை தராது. கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். இப்படி ஆட்டத்தின் போக்கை மாற்றாமல் தோற்றத்தை மட்டும் மாற்றும் பொருள்களையே அலங்காரப் பொருள்கள் என்கிறார்கள். பிள்ளைகள் 'ஸ்கின்' என்று சொல்வதும் இந்த வகைதான்.

அலங்காரமும் தன்னளவில் பாவமன்று. அல்லாஹ் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அழகை விலக்கியவர் யார் என்று ஸூரத்துல் அஃராஃபில் திருமறையே வினவுகிறது. தெரிந்த பொருளை, தெரிந்த விலைக்கு, தன் சொந்தப் பணத்தில், அளவோடு ஒருவர் வாங்கினால், அதனாலேயே அவர் பாவியாகி விட்டார் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆடை மானக்கேடானதாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வசனம் அலங்காரத்தோடு நின்றுவிடவில்லையே! அடுத்த படி தஃபாகுர்.

பெருமை என்னும் நான்காம் படி

2011-ம் ஆண்டு நடந்த ஒரு செய்தி இது. ஐஸ்லாந்து நாட்டுக் கம்பெனி ஒன்று 2003 முதல் 'ஈவ் ஆன்லைன்' என்ற சந்தா விளையாட்டை நடத்தி வருகிறது. விண்வெளிக் கப்பல்களின் விளையாட்டு. 2011 ஜூனில் அதற்குள் ஓர் ஆடைக் கடையைத் திறந்தார்கள். அங்கே ஒற்றைக் கண்ணில் பொருத்தும் ஒரு மூக்குக் கண்ணாடியின் விலை, கணக்கிட்டுப் பார்த்தால், 60 டாலருக்கும் மேல்! உண்மையான கண்ணாடியையே அதை விடக் குறைந்த விலைக்கு வாங்கலாமே என்று விளையாடுபவர்களே கொதித்தெழுந்தார்கள். விளையாட்டுக்குள்ளேயே ஒரு சிலையைச் சூழ்ந்து நின்று சுட்டுத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். அவர்களின் பிரதிநிதிகளை ஐஸ்லாந்துக்கு அழைத்துக் கம்பெனி பேச்சு நடத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் தலைமை அதிகாரி பகிரங்கமாக வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த ஆடைகளை அணிந்து நடமாட அப்போது தரப்பட்டது ஒரே ஓர் அறை. அதற்குள் வேறு எவரும் வர முடியாது. முகத்தைக் காட்டும் சிறு படம் மட்டும் பிறர் கண்ணில் படும். அப்படியானால் அந்த 60 டாலர் எதற்கு? 'இவன் இதை வாங்கியவன்' என்று நாலு பேர் அறிவதற்கு. விலைதான் அங்கே அலங்காரம்!

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி ஒன்றை நினைவு கூருங்கள். நல்ல ஆடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டார். அல்லாஹ் அழகை விரும்புபவன் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தி, சத்தியத்தை மறுப்பதும் மனிதர்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று விளக்கினார்கள். ஆகவே நாம் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது, 'என்ன வாங்கினாய்?' என்பதை விட, 'வாங்காதவனை எப்படிப் பார்க்கிறாய்?' என்பதே.

ஏன் இப்படிச் சொல்கிறேன் தெரியுமா? 'ஃபோர்ட்நைட்' என்றொரு விளையாட்டு உண்டு. நுழையக் கட்டணமில்லை. காசு கொடுத்து வேறு உடை வாங்காதவர் ஆரம்பத்தில் தரப்பட்ட சாதாரண உருவத்துடனேயே ஆட வேண்டும். அப்படி ஆடும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் 'டிஃபால்ட்' என்று அழைக்கிறார்கள். அது வெறும் பெயரன்று, ஏச்சு. 'ஒன்றுமில்லாதவன்' என்று பொருள்படும் ஏச்சு! அந்த ஏச்சைத் தாங்காமல்தான் எத்தனையோ பிள்ளைகள் தாயின் முந்தானையைப் பிடித்து இழுக்கின்றன. உடைக்காக அழும் பிள்ளை உண்மையில் எதற்காக அழுகிறது என்பதைத் தாய்மார்கள் விளங்கிக் கொள்ள வேண்டும். அதைப் பேராசைக்காரன் என்று திட்டுவது, புண்ணில் மேலும் ஒரு அடி. இழிவுபடுத்தப்பட்ட பிள்ளைக்கு ஆறுதல் சொல்லுங்கள். இழிவுபடுத்தும் பிள்ளை நம் வீட்டில் இருந்தால் கண்டித்துத் திருத்துங்கள்.

பெருக்கத்துக்கு முடிவேது?

ஐந்தாவது படி தகாஸுர். ஃபோர்ட்நைட்டில் 2020 டிசம்பரில் மாதச் சந்தா முறையும் வந்தது. சந்தா கட்டுபவருக்கு மாதந்தோறும் புது உடை உண்டு; கூடவே அந்த விளையாட்டுக்குரிய நாணயமும் உண்டு. பழைய உடை கிழிவதில்லை, சாயம் போவதில்லை. இருந்தும் அடுத்த மாதம் அது பழையதாகி விடுகிறது! 'இன்று மட்டுமே கிடைக்கும்' என்ற அறிவிப்பு வேறு. டாலரை விளையாட்டு நாணயமாக மாற்றிக் கொடுப்பதால், செலவழிப்பது அத்தா சம்பாதித்த பணம் என்ற உணர்வே பிள்ளைக்கு எழுவதில்லை.

2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்தோடு ஏற்பட்ட சமரசத்தில், இந்த விளையாட்டின் கம்பெனி, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக 24 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. பொத்தான்கள் குழப்பமாக அமைக்கப்பட்டிருந்தன, பெற்றோரின் அனுமதியின்றியே பிள்ளைகள் வாங்க முடிந்தது என்பன ஆணையத்தின் குற்றச்சாட்டுகள். அயல்நாட்டுச் செய்திதானே என்று இருந்து விடாதீர்கள். உங்கள் வங்கி அட்டையின் எண் உங்கள் பிள்ளையின் கருவியில் பதிந்திருக்கிறதா இல்லையா என்பதை இன்றே பாருங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறப்பது. நல்ல உடை வந்தால் அதிர்ஷ்டம், இல்லையேல் மறுபடி காசு. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-ல் சில விளையாட்டுக்களின் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தை மீறியவை என்றே முடிவு செய்தது. மார்க்கம் அறியாத ஓர் அரசாங்கம் கண்டுகொண்டதை, கரர் என்னும் தெளிவற்ற வியாபாரத்தைத் தடுத்த நாயகத்தின் உம்மத்து காணாமல் இருக்கலாமா? இதை நம் வீடுகளில் அறவே தவிர்க்க வேண்டும்.

காய்ந்த பயிர்

இனி வசனத்தின் உவமைக்கு வருவோம். மழை பெய்கிறது, பயிர் முளைத்து விவசாயியை மகிழ்விக்கிறது. பின்னர் வாடி, மஞ்சளித்து, கூளமாகிறது.

'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற சந்தா விளையாட்டு 2004-ல் தொடங்கிற்று. விதவிதமாக உடை புனைவதற்கே பெயர் போனது. தனி விலைக்கு உடைத் தொகுப்புகளையும் விற்றார்கள். 2012 நவம்பர் 30-ம் தேதி கம்பெனி அதை மூடியது. சந்தாக் கட்டியவர், உடை வாங்கியவர் எல்லோரும் ஒரே இரவில் வெறுங்கையரானார்கள். ஈவ் ஆன்லைனில் ஆடையணிந்து உலாவிய அந்தத் தனியறையும் 2017-ல் நீக்கப்பட்டது.

கடை மூடாவிட்டாலும் நிலைமை அதுதான். சந்தா நின்ற மாதம் வாசல் அடைபடும். காசு கொடுத்து வாங்கிய உடை உள்ளேயே இருக்கும், நமக்கு எட்டாது. விற்க முடியாது, வாரிசுக்கு விட முடியாது, ஏழைக்குக் கொடுக்கவும் முடியாது. கம்பெனிகளின் நிபந்தனைகளைப் படித்தால், கொடுக்கப்படுவது பயன்படுத்தும் அனுமதியே தவிர உடைமை இல்லை என்று எழுதியிருக்கும். அந்தக் காசில் ஒரு முழத் துணி வாங்கியிருந்தால் ஒரு யத்தீமின் தோளில் அது ஒரு பெருநாளேனும் கிடந்திருக்குமே!

மறுமையில் மனிதனின் ஆயுள், வாலிபம், கல்வி ஆகியவை பற்றியெல்லாம் விசாரணை உண்டு என நபிமொழி கூறுகிறது. பொருளைப் பற்றியோ இரண்டு கேள்விகள்: எப்படி ஈட்டினாய், எதில் செலவிட்டாய்? ஈட்டியது வளைகுடா வெயிலில் நின்ற தகப்பனாக இருக்கலாம். செலவிட்டது யார்? வீண் விரயம் செய்வோரை ஸூரா பனீ இஸ்ராயீலில் ஷைத்தானின் உடன்பிறப்புக்களோடு அல்லாஹ் சேர்த்திருப்பதை அஞ்ச வேண்டாமா?

பிள்ளை யாரிடம் கற்றது?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது நீதியாகாது. ஒரு தடவை உடுத்திய பட்டை அடுத்த நிக்காஹ்வுக்கு உடுத்த வெட்கப்படுகிறோமே, அது என்ன? சொந்த நகை போதாதென்று இரவல் நகை பூட்டிச் சபைக்குப் போகிறோமே, அது என்ன? எளிய ஆடையில் வந்த உறவினரை ஓரத்தில் உட்கார வைக்கிறோமே, அவரைத்தான் பிள்ளைகளின் மொழியில் 'டிஃபால்ட்' என்கிறார்கள்! சபையில் நாம் செய்து காட்டியதைப் பிள்ளை திரையில் செய்து பார்க்கிறது.

ஆகவே அருமைப் பெற்றோரே! சில வழிகளைக் கைக்கொள்ளுங்கள். மாதச் சந்தா 15 டாலர் என்றால் ஆண்டுக்கு 180 டாலர் என்று பிள்ளையைக் கொண்டே கணக்குப் போடச் செய்யுங்கள். எந்த அலங்காரமும் பெற்றோரிடம் கேளாமல் வாங்குவதில்லை என்று வீட்டில் சட்டம் வையுங்கள். கேட்ட அன்றே வாங்கித் தராமல் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். பல ஆசைகள் அந்த ஒரு வாரத்தைத் தாண்டுவதில்லை. வாங்குவதென்றே முடிவானால், அதே அளவு தொகையை ஆடையில்லாத ஒருவருக்கு அந்தப் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். தொழுகை நேரத்தில் எந்த விளையாட்டும் இல்லை என்பதில் மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட விளையாட்டு ஆகுமா ஆகாதா என்ற ஐயம் வந்தால் உங்கள் ஊர் ஆலிமை அணுகி விளக்கமாகச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தக்வா என்னும் ஆடையே மேலானது என்று திருமறை போதிப்பதைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி எடுத்துரையுங்கள். அந்த ஆடைக்குச் சந்தாவில்லை. எந்தக் கம்பெனி மூடினாலும் அது பறிபோவதில்லை. கப்ரிலும் மஹ்ஷரிலும் நம்மோடு வருவது அது ஒன்றே.

யா அல்லாஹ்! எங்கள் பொருளை நல்வழியில் செலவிடும் பாக்கியத்தை அருள்வாயாக! எங்கள் மக்களின் உள்ளங்களைப் பெருமையிலிருந்தும், பிறரால் இழிவுபடுத்தப்படும் வேதனையிலிருந்தும் காப்பாயாக! எளியோரை மதிக்கும் இல்லங்களாக எங்கள் இல்லங்களை ஆக்கியருள்வாயாக! ஆமீன்.