யார் தலையில் விழும்?

2012 அக்டோபர் 14 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்கு மேலே, ஹீலியம் பலூனில் தொங்கிய ஒரு கூண்டின் வாசலில் ஆஸ்திரியாக்காரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் நின்றார். காலடியில் சுமார் 39 கிலோமீட்டர் வெறும் வெளி. குதித்தார். நடுவழியில் உடம்பு பம்பரமாய்ச் சுழன்றது, எப்படியோ நேராக்கிக்கொண்டார். மணிக்கு 1,357 கிலோமீட்டர் வேகத்தில் ஒலியையே முந்தி வந்து, பாராசூட் விரித்து, பாலைமண்ணில் காலூன்றினார். உலகமே நேரலையில் பார்த்தது. அந்த மாதம் முடிவதற்குள் தம் நாட்டு நாளிதழ் ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில் அவர் அரசியலும் பேசினார். மக்களாட்சியில் எதையும் அசைக்க முடியாது, காரியம் நடத்தத் தெரிந்த தனியார் துறைக்காரர்கள் சிலர் கையில் மிதமான ஒரு சர்வாதிகாரம் இருந்தால் தேவலை என்ற பொருளில் சொன்னார். அதையொட்டிய நாட்களில், செவ்வாய்க் கோளை ஆராய்வது வரிப்பணத்துக்குப் பிடித்த கேடு என்றும் சொல்லியிருந்தார். வானத்திலிருந்து குதித்தவரிடம் நாட்டை எப்படி ஆள்வது என்று ஏன் கேட்டார்கள் என்பது இருக்கட்டும். மைக் பிடிக்கிறவர்களின் தொழில் அது. கேட்ட மாத்திரத்தில் அவருக்குப் பதில் எப்படி வந்தது என்பதுதான் என் யோசனை. அந்த வேகம் அவரிடம் மட்டும் உள்ளதல்லவே. நாகர்கோவில் சாயாக்கடை பெஞ்சில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாமெல்லோரும் தினமும் செய்வதுதான்.

குதிக்கிற விஷயத்தில் அந்த மனிதர் இப்படி அவசரப்படுகிற ஆளே கிடையாது. அழுத்த உடைக்குள் மணிக்கணக்காய் அடைபட்டுக் கிடப்பது அவரைக் கலங்கடித்தது. ஒரு கட்டத்தில் சோதனையைப் பாதியில் போட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டார். அப்புறம் ஓர் உளவியல் நிபுணரிடம் பயிற்சி எடுத்துத்தான் மறுபடி உடைக்குள் போனார். குதித்த அன்று அவர் காதில் கேட்ட குரல் ஜோ கிட்டிங்கருடையது. 1960 ஆகஸ்ட் 16 அன்று 31 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்து, ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தச் சாதனையை வைத்திருந்த பெரியவர் அவர். கிட்டிங்கர் பட்டியலை வரிவரியாய் வாசிக்க, இவர் ஒவ்வொன்றையும் செய்து முடித்த பிறகே வாசலுக்கு வந்தார். இவ்வளவு உயரம் போகாமல், வார இறுதியில் ஆசைக்குக் குதிப்பவர்களும் இதே ஒழுங்கில்தான் இருக்கிறார்கள். முதுகில் ஒன்றுக்கு இரண்டு பாராசூட். இரண்டாவதை அதற்கென்று உரிமம் வாங்கியவர்தான் மடித்து வைக்க வேண்டும். குதித்தவர் நினைவிழந்தாலும் குறிப்பிட்ட உயரத்தில் அதைத் தானாகவே திறந்துவிட ஒரு கருவி. கையில் உயரமானி. வாசலுக்குப் போகுமுன் வாரையும் கொக்கியையும் பக்கத்திலிருப்பவர் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுவார். ஆயிரம் தடவை குதித்தவர்கூட, ‘எனக்குத் தெரியும், நீ தொடாதே’ என்று சொல்வதில்லை.

ஒரே மண்டைக்குள் இரண்டு விதமான ஒழுங்கு எப்படி இருக்க முடியும்? படிப்பு, அனுபவம் என்று காரணம் தேடினால் பாதிதான் கிடைக்கும். தவறினால் யார் உடம்பு விழும் என்று பார்த்தால் மீதியும் கிடைத்துவிடுகிறது. கொக்கியைச் சரிபார்க்காவிட்டால் விழுவது அவர் உடம்பு. சர்வாதிகாரம் நல்லது என்று சொல்லி அது தப்பாய்ப் போனால் விழுவது யாரோ ஒருவர், எங்கேயோ, என்றைக்கோ. அச்சம் விலகினால் கவனமும் கூடவே விலகுகிறது என்பதற்கு அந்த விளையாட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. இருவர் சேர்ந்து குதிக்கும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் பூத், கருவிகள் பாதுகாப்பாக ஆக ஆகக் குதிப்பவர்கள் கூடுதல் துணிச்சல் காட்டி அந்த லாபத்தைக் கரைத்துவிடுகிறார்கள் என்று கவனித்துச் சொன்னார். இன்று அந்த விளையாட்டில் நேரும் சாவுகளில் கணிசமானவை, ஒரு பழுதும் இல்லாமல் விரிந்த பாராசூட்டுக்குக் கீழேதான் நடக்கின்றன. தரை தெரிந்துவிட்டது, இனி என்ன பயம் என்று, சறுக்கி இறங்கிக் காட்டத் திரும்பும் நேரத்தில். கருத்துச் சொல்கிறவர்கள் எப்போதும் விரிந்த பாராசூட்டுக்குக் கீழேயே இருப்பவர்கள். அவர்களுக்குத் தரையே கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

தரை இல்லாத பேச்சு வேறொருவர் தலையில் எப்படி விழும் என்று பார்க்க நம் கரையை விட்டு வெளியே போக வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் கீழமணக்குடியையும் அடித்துப் போட்டது. மணக்குடியில் பாலமே போய்விட்டது. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, இன்னொரு அலை வரலாம் என்று மத்திய உள்துறையிடமிருந்து எச்சரிக்கை வந்தது. அதற்கு மூலம், வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பு. நிலநடுக்கம் இன்ன நாளில், இன்ன நேரத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை உலகில் யாரிடமும் இல்லை. ஆனாலும் தமிழகக் கரை நெடுக மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினார்கள்; நிவாரண வேலைகள் நின்றன. பிறகு மத்திய அறிவியல் துறை அமைச்சரே அந்தக் கணிப்பு வெறும் கதை என்று தள்ளிவிட்டார். சொன்னவருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. ஓடியவர்களில் பலர், நான்கு நாள் முன்புதான் பிள்ளையைப் புதைத்தவர்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இரயுமன்துறை தொடங்கி தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வழியாக நீரோடி வரைக்கும் உள்ள ஊர்க்காரர்கள் ஆழ்கடல் தூண்டிலுக்குப் பேர்போனவர்கள். சுறா தேடி வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்கள். காற்று கச்சானா கொண்டலா, நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைப் பற்றி அவர்கள் சொல்லும் கருத்தும் கருத்துதான். அது தவறினால் படகு திரும்பாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி, குமரிமுனைக்குத் தெற்கே நெருங்கிய கடலில் புயலாக உருவெடுத்தபோது, எச்சரிக்கை எட்டாத தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். அடுத்த சில நாட்கள் தொலைக்காட்சிகளில் புயலைப் பற்றிப் பேசாதவர் இல்லை. எச்சரித்தும் ஏன் போனார்கள் என்று கேட்டவர்களுக்கு, எச்சரிக்கைக்குப் பல நாள் முன்பே கரையை விட்ட படகுகள் அவை என்பதுகூடத் தெரியவில்லை. கரையில் இருந்தவர்களோ, கவிழ்ந்த படகு காற்றும் நீவாடும் இழுத்த திசையில் வெகுதூரம் போயிருக்கும், பக்கத்தில் தேடிப் பயனில்லை, எங்களையும் கப்பலில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். சிலர் காத்திராமல் தங்கள் படகிலேயே தேடப் போனார்கள். தப்பிய படகுகள் இலட்சத்தீவிலும், மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலும், அதற்கப்பாலும் கரைசேர்ந்த செய்தி வந்தபோது, தூரத்தைப் பற்றி அவர்கள் சொன்னது எவ்வளவு சரி என்று ஊருக்குத் தெரிந்தது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கருத்துக்கு வெளியே காது கிடைத்தது. வானத்திலிருந்து ஒரு தடவை குதித்தவருக்கு மைக் நீட்டியவர்கள், தினமும் குதிக்கிறவர்களுக்கு நீட்ட மறந்துபோனார்கள். கடலுக்குப் போவதைச் சாகசம் என்று அந்த ஊர்களில் யாரும் சொல்வதில்லை, தொழில் என்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். இழப்பு உள்ளவன் சொல்வது எப்படி நேர்மையாய் இருக்கும், அவன் தன் பக்கத்தைத்தானே பேசுவான்? உண்மைதான், பேசுவான். 2016 ஜூலையில் இனயம் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்ததும் குமரி மாவட்டமே இரண்டாய்ப் பிரிந்து நின்றது. பின்னால் திட்டம் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவே இடம் தேடியபோதும் அப்படியே. எதிர்த்தவர்களுக்குக் கடல் போய்விடும் என்ற கவலை, கேட்டவர்களுக்குப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டுமே என்ற கவலை. இரண்டு பக்கமும் தன்னலம் இருந்தது. ஆனால் அந்தத் தன்னலம் அவர்களை அளவுகளுக்கு இழுத்து வந்தது. ஒருவர் அலைத்தடுப்பு எத்தனை நீளம், அதற்கப்பால் எந்த ஊர் மணலை இழக்கும் என்று கேட்டார். இன்னொருவர் சர்வதேசக் கப்பல் பாதை எவ்வளவு அருகே, ஆழம் எவ்வளவு என்று கேட்டார். இரண்டு கேள்விக்கும் விடை தேட முடியும். விடை வந்தால் ஒரு பக்கம் இறங்கி வரவும் முடியும். எந்த இழப்பும் இல்லாதவர் நடுவில் வந்து, வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்றார். அதற்கு என்ன விடை சொல்வது? இழப்பு உள்ளவன் சரியாய்த்தான் சொல்வான் என்று நான் வாதிடவில்லை. கடலோரத்துக்காரர்களும் தப்பாய்க் கணித்திருக்கிறார்கள். தப்பு என்று தெரிந்தவுடன் முதலில் கணக்கைத் திருத்துகிறவர்கள் அவர்களே என்பதுதான் எனக்குப் போதும்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. அப்படியானால் தெரிந்தவர்கள் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்கிறாயா என்று கேட்கலாம். அப்படிச் சொன்னால் நானும் பாம்கார்ட்னர் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். காரியம் தெரிந்த சிலர் ஆளட்டும் என்பதுதானே அவர் சொன்னது. இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் அரசியல் சட்டம் படித்த நிபுணர்களா? மாநில எல்லையைப் பற்றி ஒரு கருத்து வைத்திருந்த சாதாரண மனிதர்கள். அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்ததில் அந்தக் கருத்துக்குப் பங்கு உண்டு. கருத்துக்குப் பட்டம் வேண்டும் என்று அவர்களிடம் கேட்டிருந்தால் நாம் இன்று வேறு மாநிலத்தில் இருந்திருப்போம். உரிமை எல்லோருக்கும் உண்டு, அதில் கை வைக்கக் கூடாது. நான் கேட்பது அந்த உரிமையோடு கூட வர வேண்டிய கடனை.

‘சும்மா பேசுவதற்கெல்லாம் இப்படித் தராசு தூக்கினால் மனிதன் எப்போது இளைப்பாறுவான்?’ என்றொரு சலிப்பும் உண்டு. எனக்கும் அதில் அனுதாபம் இருக்கிறது. அதனால்தான் விளையாட்டுப் பேச்சை நான் குறை சொல்வதில்லை. கருத்துச் சொல்லிப் பழக அதைப்போல ஒரு களரி கிடையாது. 2022 உலகக் கோப்பையின்போது நம் கடற்கரை ஊர்களில் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் பிளெக்ஸ் கட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 22 அன்று சவுதி அரேபியா 2-1 என்று அர்ஜென்டினாவைக் கவிழ்த்ததும், மெஸ்ஸியின் கதை முடிந்தது என்று தீர்ப்புச் சொல்லாத பெஞ்ச் இருந்ததா? இருபத்தாறு நாள்தான். டிசம்பர் 18 அன்று கோப்பை அவர் கையில். தீர்ப்புச் சொன்னவர் அதே பெஞ்சுக்கு வந்தாக வேண்டும். ‘என்னவே, அன்னைக்கு என்னமோ சொன்னீரே?’ என்ற கேள்வியை விழுங்கியாக வேண்டும். இரவிபுத்தன்துறையிலிருந்து போய் ஜம்ஷெட்பூருக்கும் ஏ.டி.கே.வுக்கும் பந்து உதைத்த மைக்கேல் சூசைராஜைப் பற்றி அந்த ஊர்க் கடற்கரையில் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்ப முடியாது, அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்குப் பந்தும் தெரியும், அவரையும் தெரியும். ஆட்டத்துக்கு ஸ்கோர் உண்டு, பேசியவருக்கு முகம் உண்டு. அரசியல் பேச்சில் ஸ்கோர் வரப் பத்து வருடம் ஆகும், அதற்குள் சொன்னதை எல்லோரும் மறந்திருப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. படிப்பு நிறைய இருக்கிற இடத்தில் இந்த மறதிக்குச் சாக்கும் நிறையவே கிடைக்கிறது.

பேசாமலே இருந்துவிடுவது வழியா என்றால், அதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. 2015 ஆகஸ்டில் ஆக்ராவில் பயிற்சி எடுத்து ராணுவ விமானத்திலிருந்து ஐந்து முறை குதித்த எம்.எஸ். தோனி, நாட்டு நடப்பைப் பற்றி வாய் திறப்பது அபூர்வம். அது அடக்கமா, வசதியா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. புகழ் உள்ளவரின் மௌனத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிற சமயங்கள் உண்டு. 2014 அக்டோபர் 24 அன்று பாம்கார்ட்னரையும் தாண்டி, 41 கிலோமீட்டருக்கு மேலிருந்து குதித்தவர் ஆலன் யூஸ்டஸ். கூகுளில் உயர்பதவியில் இருந்த பொறியாளர். விளம்பரதாரர் இல்லை, நேரலை இல்லை. தெருவில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்குக்கூட அவர் பெயர் தெரியாது. அவரிடம் யாரும் சர்வாதிகாரம் பற்றிக் கேட்கவில்லை. துணிச்சலுக்காகத்தான் நாம் காது கொடுக்கிறோம் என்றால் முதலில் அவரிடம்தான் போயிருக்க வேண்டும். நாம் காது கொடுப்பது வெளிச்சத்துக்கு.

பாம்கார்ட்னர் 2025 ஜூலை 17 அன்று இத்தாலியில் பாராகிளைடிங் விபத்தில் இறந்துபோனார். வானத்தில் அவருக்கு இருந்த கடன் அவரோடு தீர்ந்தது. நம்முடைய கடன் பெஞ்சிலேயே கிடக்கிறது. ஆகவே நாளைக் காலையும் சாயா குடிக்கப் போங்கள், பேப்பரைப் பாருங்கள், கிரிக்கெட்டிலிருந்து துறைமுகம் வரைக்கும் மனசில் பட்டதைச் சொல்லுங்கள். சொன்னது பொய்த்துப்போன அன்று மட்டும் வேறு கடைக்குப் போய்விடாதீர்கள்.