வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்



1980, ஜூலை 5. லண்டனில் விம்பிள்டன் டென்னிஸ் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஸ்வீடனின் பியான் போர்க், வயது 24. ஏற்கெனவே தொடர்ந்து நான்கு முறை அங்கே பட்டம் வென்றவர். ஜெயித்தாலும் தோற்றாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. இன்னொரு பக்கம் அமெரிக்காவின் ஜான் மெக்கன்ரோ, வயது 21. பந்து கோட்டுக்கு வெளியே என்று நடுவர் சொல்லிவிட்டால் போதும், மைதானமே அதிரக் கத்துவார். அன்றைக்கு அவர் உள்ளே வந்தபோதே கூட்டம் கேலிக் கூச்சல் போட்டது.

இந்த ஆட்டத்தை வைத்து 2017-இல் ஒரு படம் வந்தது. பெயர் 'போர்க் வெர்சஸ் மெக்கன்ரோ'. இயக்கியவர் டென்மார்க்கின் யானுஸ் மெட்ஸ். ஒருவர் பனிக்கட்டி, ஒருவர் நெருப்பு என்றுதான் உலகம் இவர்களைப் பிரித்துவைத்திருந்தது. படம் வேறொன்றைக் காட்டுகிறது. சிறுவன் போர்க்கும் மட்டையைத் தூக்கி எறிந்தவன்தான், வாய்க்கு வந்தபடி திட்டியவன்தான். அதற்காகவே கிளப்பில் சில காலம் ஆடக் கூடாது என்று தள்ளிவைத்தார்கள். அதன் பிறகுதான் அத்தனை கோபத்தையும் உள்ளேயே பூட்டிக்கொண்டான். அந்தச் சிறுவனாகப் படத்தில் நடித்திருப்பது போர்க்கின் சொந்த மகன் லியோ.

நம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இடது காலுக்கும் வலது காலுக்குமான துண்டுகளை முடிந்தவரை ஒரே தோலில், பக்கத்துப் பக்கத்து இடத்தில் பார்த்து வெட்டுவார்கள். அப்போதுதான் நிறமும் ரேகையும் ஒத்துப்போகும். வெட்டி முடித்தபின் பார்த்தால் ஒன்று இந்தப் பக்கம் வளைந்திருக்கும், மற்றது அந்தப் பக்கம். வளைவு எதிரெதிர், தோல் ஒன்று. இந்த இரண்டு ஆட்டக்காரர்களும் அப்படித்தான்.

அந்த இறுதிப் போட்டியின் நான்காவது செட் சமநிலையில் நின்று, அதை முடித்துவைக்கும் டை பிரேக்குக்குப் போனது. அதில் மட்டும் 34 புள்ளிகள். ஐந்து முறை இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற இடத்துக்குப் போர்க் வந்தார். ஐந்து முறையும் மெக்கன்ரோ விடவில்லை. 18-க்கு 16 என்று அந்த செட்டைப் பறித்துக்கொண்டார். கைக்கு வந்தது அப்படி நழுவினால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். ஆனால் போர்க் கடைசி செட்டில் தன் சர்வீஸை ஒரு முறைகூட இழக்காமல் 8-6 என்று வென்றார். அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் மெக்கன்ரோ அவரை வென்றார். மொத்தம் 14 முறை மோதியதில் ஆளுக்கு ஏழு வெற்றி.

கணக்கைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஊரெல்லாம் சண்டை போட்ட மெக்கன்ரோ, அந்த இறுதிப் போட்டியில் சண்டை போடவில்லை. அதற்குக் காரணம் முந்தைய ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் நடந்த ஓர் ஆட்டம். மெக்கன்ரோ கத்திக்கொண்டிருந்தபோது, போர்க் அவரை வலைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். தோளில் கை போட்டு, பதற்றப்படாதே, ஆட்டம் அருமையாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னார். அந்த மரியாதை மெக்கன்ரோவுக்குப் போதுமானதாக இருந்தது. பின்னாளில் 26 வயதிலேயே போர்க் விலகிக்கொண்டபோது, மெக்கன்ரோ மிகவும் வருந்தினார்.

இந்த இருவரையும் தோற்கடித்த ஒருவர் நம் சென்னையில் பிறந்தவர். விஜய் அமிர்தராஜ். சின்ன வயதில் நுரையீரல் கோளாறால் அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பிள்ளை. 1974 அமெரிக்க ஓப்பனில் போர்க்கை வென்றார். 1979 விம்பிள்டனில் அதே போர்க்கை இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முந்திவிட்டு, கடைசியில் தோற்றார். அதோடு ஒதுங்கிவிடவில்லை. 1984-இல் மெக்கன்ரோ 82 ஆட்டம் வென்று மூன்றே மூன்றில் தோற்றார். அந்த மூன்றில் ஒன்று சின்சினாட்டியில் விஜயிடம். ஒற்றையர் ஆட்டத்தில் கிராண்ட் ஸ்லாம் பட்டம் விஜய்க்கு வாய்க்கவில்லை. ஆனாலும் 2024-இல் சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. தன்னைவிடப் பெரிய ஆளுக்கு எதிரே திரும்பத் திரும்பப் போய் நின்றவர் அவர்.

வேலூர் பக்கம் கணியம்பாடியில் ஷூ கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் தங்கைக்கும், வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப்போல ஒருத்தி இருப்பாள். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, மணிக்குப் பத்து ஜோடி கூடுதலாகத் தைப்பவள். கல்லூரிக்குப் போகும் தம்பிக்கு, எப்போதும் நாலு மார்க் கூட வாங்கும் நண்பன். வீட்டில் அவர்கள் பேரைச் சொல்லித் திட்டும்போது நமக்கு அவர்கள்மேல்தான் எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கவே மறந்துவிடுகிறோம்.

இன்றைக்கு அதைப் பாருங்கள். வளைவில் மெஷினை நிறுத்தாமல் அவள் துண்டை எப்படித் திருப்புகிறாள்? ஒரு கணக்கை அவன் எங்கிருந்து ஆரம்பிக்கிறான்? கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். உங்களிடம் ஒருவர் வந்து கேட்டால் நீங்களும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் உங்களை முந்திவிடுவாரே என்று தோன்றும். முந்தட்டும். அதன் பிறகுதான் உங்களால் எவ்வளவு முடியும் என்பது உங்களுக்கே தெரியவரும்.