கண் கண்டதும் காமிரா கண்டதும்

சாட்சி சொல்வது எளிய காரியமன்று. இதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம்.

நார்வேயின் வடபகுதியிலுள்ள டிராம்சோ கடற்கரையில், குளிர்கால இரவுகளில் வடதுருவ ஒளியைப் படம் பிடிக்கப் பலர் காத்து நிற்கின்றனர். சூரியனிலிருந்து வரும் மின்துகள்களால் சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே, காற்று மண்டலத்தில் எழும் ஒளி அது. கடல் மேகமோ அதற்கு வெகு கீழே திரையிட்டு விடுகிறது. மேகம் விலகும் சில நிமிடங்களிலும், ஒளி மெலிந்திருந்தால் கண்ணுக்குத் தெரிவது வெளிறிய சாம்பல் கீற்றுதான். காமிராவோ 10, 15 விநாடிகள் ஒளியைச் சேர்த்து, அதையே பளிச்சென்ற பச்சையாகக் காட்டுகிறது.

படம் பொய்யா? அல்ல, அந்த ஒளி அங்கே இருந்தது. ஆனால், "இரவெல்லாம் இப்படியே என் கண்ணால் கண்டேன்" என்றால் அது பொய். பொய்ச் சாட்சியைப் பெரும் பாவங்களில் ஒன்றென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

அல்லாஹ்வின் அத்தாட்சிகளுக்கு நம்முடைய மிகைப்படுத்தல் தேவையில்லை. "மேகம் மறைத்தது, சிறிதே கண்டோம்" என்பதும் அவனைப் புகழ்வதே. அடுத்த வீட்டுச் செய்தியைச் சொல்லும்போதும் நாம் இதே பேணுதலைக் கைக்கொள்ள வேண்டாமா?

கண்டதைக் கண்ட அளவில் சொல்லும் நாவை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.