ஒரே ஆன்மா, ரெண்டு தெரு

கொல்லிமலைக்கு ஏறுகிறவர்களில் ஒரு கூட்டம் சித்தரைத் தேடித்தான் வருகிறது. 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி, அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கைக்கு 1000 படிக்கு மேல் இறங்கி, குகை எங்கே குகை எங்கே என்று அலைகிறார்கள். மிளகும் பலாவும் விளைவிக்கிற மலையாளிப் பழங்குடி மக்களிடம் யாரும் தத்துவம் கேட்பதில்லை. வழி கேட்பார்கள், அவ்வளவுதான்.

அங்கே கோயில் வாசலில் பழக்கமான ஒரு பெரியவர், கீழேயிருந்து வந்தவர், எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். "உடம்புதான் வேற வேற, உள்ள இருக்கற ஆன்மா ஒண்ணுதானுங்க தம்பி. சித்தருங்க சாதியத் தூக்கி எறிஞ்சது அதனாலதான்." நன்றாகவே பேசினார். முடித்த கையோடு, "தம்பிக்கு எந்த ஊருங்க?" சொன்னேன். "ஊருக்குள்ளீங்களா, அந்தப் பக்கமுங்களா?" அந்தப் பக்கம் என்றேன். அதுக்கப்புறம் அவர் பேச்சில் 'ங்க' இல்லை.

அவரைப் போலி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. ரெண்டையும் அவர் மனசார நம்புகிறார். ஒரே ஆன்மாவுக்கும் ரெண்டு தெருவுக்கும் சண்டையே வராது. ஒன்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, இன்னொன்று மண்ணில் இருக்கிறது. சங்கரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரம்மம் ஒன்றே மெய் என்றவர், பிரம்மசூத்திர பாஷ்யத்தின் முதல் அத்தியாயத்திலேயே சூத்திரனுக்கு வேதம் படிக்க அதிகாரமில்லை என்று வாதாடுகிறார். எல்லாம் தோற்றம் என்றால் சூத்திரன் மட்டும் எப்படி அவ்வளவு நிஜமாகிப் போனான்?

அண்ணல் அம்பேத்கர் இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1987இல் வெளிவந்து மகாராஷ்டிரத்தில் பெரிய ரகளையைக் கிளப்பிய 'இந்துமதத்தில் புதிர்கள்' நூலில், பிரம்மத்தால் என்ன பயன் என்று கேட்கிறார். எல்லாரிலும் பிரம்மம் என்பது சனநாயகத்துக்கு அஸ்திவாரமாகி இருக்கலாம், ஏன் ஆகவில்லை? பிரம்மம் உண்டா இல்லையா என்கிற வழக்குக்குள்ளேயே அவர் போய் மாட்டிக்கொள்ளவில்லை. அது என்ன வேலை செய்தது என்று பார்க்கிறார்.

மெட்டாஃபிசிக்ஸை (இடதுசாரித் தோழர்கள் இயக்கமறுப்பியல் என்பார்கள், நான் அப்பாலைத் தத்துவம் என்கிறேன்) தாண்ட முடியுமா என்று ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் பேச்சு. அதன் வாக்கியங்களுக்கு அர்த்தமே கிடையாது என்றார் கார்னாப். தாண்டியாகணும் என்று பக்கம் பக்கமாக எழுதிய ஹைடெக்கர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். தீட்டு என்கிற சொல்லுக்கு அர்த்தமில்லை என்று நாம் நிரூபித்துவிட்டாலும் டீக்கடைத் தனி டம்ளர் தானாகக் காணாமல் போய்விடாது.

சரி, சமத்துவம் மட்டும் கண்ணுக்குத் தெரியுதா, அதுவும் அப்பாலைச் சரக்குத்தானே என்று ஒரு மாணவத் தோழர் என்னை மடக்கினார். சரியான கேள்வி. எந்தத் தராசிலும் ரெண்டு மனுஷர் சமமாக நிற்கப் போவதில்லை. 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதும்போதே அம்பேத்கர் இதற்கு முகம் கொடுக்கிறார்: சமத்துவம் கற்பனையாகவே இருக்கட்டும், ஆனாலும் அதை ஆளும் நெறியாக ஏற்றுக்கொண்டாக வேண்டும். தீட்டு, தான் ஏற்கெனவே நம் உடம்புக்குள் ஒளிந்திருப்பதாகச் சாதிக்கிறது. சமத்துவம் அப்படி எதையும் சொல்லவில்லை. கிணற்றில், பள்ளிக்கூடத்தில், சட்டத்தில் நாம் உண்டாக்கினால் உண்டு, இல்லாட்டி இல்லை. அதுக்கு ஆன்மா வந்து சாட்சி சொல்லத் தேவையில்லை. தத்துவம் அப்பாலையை விட்டு வெளியே காலடி வைக்கிற இடமாக எனக்குத் தெரிவது இதுதான்.

அவர் முழுசாக வெளியே வந்துவிட்டாரா? 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் ஆன்மாவை மறுக்கிறார், மறுபிறப்பை அடியோடு விட்டுவிடவில்லை. உடம்பின் பூதங்கள் சிதறி, திரும்பச் சேர்கின்றன என்கிறார். போன பிறவிப் பாவத்தால் இந்தப் பிறவியில் சேரி என்கிற கணக்கை இது முறித்துப் போடுகிறது, நிஜம்தான். ஆனால் பூதங்கள் சேர்வதற்கு மறுபிறப்பு என்று ஏன் பேர் வைக்கணும்? எனக்கு இன்னும் ஒப்பவில்லை. படிப்பு வட்டங்களில் அந்தப் பகுதியை மரியாதைக்காக வேகமாகத் தாண்டிவிடுகிறோம். வரிக்கு வரி நிறுத்தி, அவரோடு மல்லுக்கட்டிப் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை.